ஜன்னலோர முளைப்பாரி

மார்ச் 16, வியாழன்

"சார், செடி வெளிச்சத்தைத் தேடித்தான் வளரும்னு சொல்றீங்க. அப்பறம் முளைப்பாரியை மட்டும் ஏன் சார் இருட்டு ரூமுக்குள்ள பூட்டி வச்சு வளக்குறாங்க? வெளிச்சத்துல வளந்தா அம்மனுக்குப் பிடிக்காதா?"

பல வருஷத்துக்கு முன், நான் நடத்திய எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒரு பெண் எழுந்து நின்று இப்படிக் கேட்டாள். பெயர் போதுமணி. வீட்டுக்கு ஐந்தாவது பெண். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று அந்தக் கேள்வி நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வண்டியில் கூட்டிவந்து இறங்கியபோது, மறுபக்கம் தோளைப் பிடித்தவள் அந்தப் போதுமணிதான். இப்போது அவளுக்கே எட்டாம் வகுப்பில் ஒரு மகள் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள்.

"அத்தை எடையே இல்லையே சார்" என்றாள்.

அக்காவுக்கு ஈரலில் கட்டி. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்கு மாத்திரை தந்திருக்கிறார். வேளை தவறாமல் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு கொடுத்தால் பிடிக்க முடியாது என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அக்காதான் கேட்டாள். "பங்குனி தாண்டுமாய்யா?" டாக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வண்டியில் வரும்போது என்னிடம், "கதிரு, இனிமே என்னைய எங்கயும் தூக்கிட்டுப் போகாத. வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்றாள். சரி என்றேன். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறேன். உளுந்தங்கஞ்சி வைத்தேன். இரண்டு ஸ்பூன் குடித்தாள்.

மார்ச் 17, வெள்ளி

துணி துவைத்துக் காயப்போட்டேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, சொல்லியிருக்கிறேன்.

மாலையில் தவசிலிங்கம் வந்தான். கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர். இவனும் என்னிடம் படித்தவன்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். விடைத்தாளில் தப்பு செய்திருந்தால் தாளைக் கொடுக்க மனம் வராது.

"சார், செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுறோம்."

"தெரியும்ப்பா."

"கோர்ட்டு, கேசு, கொரோனான்னு இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் நடக்குது."

"தெரியும்ப்பா."

"பெரியம்மாவை… ஒரு பத்து நாளைக்கு வடக்கே டவுன்ல தனியார் ஆஸ்பத்திரியில சேத்துருவோமா? ஏசி ரூமு. எல்லாம் கமிட்டி பாத்துக்கும்."

அவன் சொல்லாமல் விட்டதை நானே எழுதுகிறேன். காப்புக் கட்டிய நேரத்திலிருந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்குள் சாவு விழக் கூடாது. விழுந்தால் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். பெண்கள் விரதமிருந்து வளர்த்த முளைப்பாரி அத்தனையையும் அப்படியே கண்மாயில் கொட்டிவிட வேண்டும். போதுமணி படிக்கிற காலத்தில் ஒருமுறை அப்படி ஆனது. தபால்காரர் மாடசாமி திருவிழாவுக்கு நடுவில் கண்ணை மூடிவிட்டார். பூமாதிரி வளர்ந்திருந்த பயிரைச் சட்டி சட்டியாகக் கொட்டினார்கள். கரையில் நின்று பெண்பிள்ளைகள் அழுதார்கள். மாடசாமியின் மகன் ஊர்ப் பேச்சுத் தாங்காமல் பிறகு ஊரைவிட்டே போனான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

மார்ச் 18, சனி

நான் அக்காவிடம் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலோரம் படுத்திருப்பவளுக்குத் தெருவில் நடக்கும் பேச்செல்லாம் வந்துவிடும்.

"கூட்டிட்டுப் போகட்டும்டா. எதுக்கு ஊரோட வம்பு?" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா ஒன்னு கேட்டுச் சொல்லு. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் செத்தா அம்மனுக்குத் தெரியாதாமா?" என்றாள்.

தவசிலிங்கத்துக்குப் போன் செய்து சரி என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருப்பார்கள். நானும் கொஞ்சம் தூங்கலாம். அது காரணமில்லை. அவளுக்குத்தான் வசதி.

மார்ச் 19, ஞாயிறு

அக்காவின் சேலைகள் இரண்டு, டம்ளர், துண்டு, மாத்திரை, ரிப்போர்ட்டுகள் எல்லாம் பையில் எடுத்துவைத்தேன். மதியம் வேன் வருவதாகச் சொன்னார்கள். டிரைவர் சாப்பிட்டுவிட்டு வரும்போது நாலரை ஆகிவிட்டது. ராகுகாலம். ஆறு மணிக்குமேல் விளக்கு வைத்த நேரம், நோயாளியை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாதாம். காலையில் முதல் வேலையாக எடுத்துவிடலாம் என்றான் தவசிலிங்கம்.

பையிலிருந்து டம்ளரை மட்டும் வெளியே எடுத்தேன்.

மார்ச் 20, திங்கள்

கரிநாள். வேன் வரவில்லை.

காலண்டரைப் பார்த்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை, அதாவது முளைப்பாரி தூக்கும் நாள், அதுவும் கரிநாள்தான். தவசிலிங்கத்திடம் காட்டினேன். "அம்மன் காரியத்துக்குக் கரிநாள் கிடையாது சார்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுக்கும் மேலே நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மேலே அவர்களுடைய அம்மாக்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 21, செவ்வாய்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் வேன் வந்தது. அக்காவைக் குளிப்பாட்ட முடியாது, ஈரத்துணியால் துடைத்து வேறு சேலை கட்டிவிட்டேன். அதற்கே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அப்போது கமிட்டிக்காரர் ஒருவர், செவ்வாய் வடக்கே சூலமாச்சே என்றார். ஆஸ்பத்திரி வடக்கே இருக்கிறது. சூலத்துக்குப் பால் குடித்துவிட்டுப் போகலாம் என்று இன்னொருவர் பரிகாரம் சொன்னார். பால் காய்ச்சினேன். அக்காவுக்குப் பால் குமட்டும். அவள் வாயை மூடிக்கொண்டாள். குடிக்கட்டும், குடிக்க வேண்டாம் என்று வாசலில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மேளக்காரர்கள் பஸ்ஸைத் தவறவிட்டு மெயின் ரோட்டு விலக்கில் நிற்பதாகப் போன் வந்தது. "ஒரு எட்டு கூட்டிட்டு வந்துர்றேன் சார்" என்று வேன் போய்விட்டது.

மேளக்காரர்கள் வந்தார்கள். வந்ததும் மேளம் கொட்ட ஆரம்பித்தார்கள். நல்ல நேரம் போய்விடும் என்று பூசாரி காப்பைக் கட்டிவிட்டார்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் திருவிழா முடியும்வரை ஒரு இரவுகூட வெளியே தங்கக் கூடாது. அதுவும் அவர்கள் சட்டம்தான்.

தவசிலிங்கம் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு ஓடிவந்தான். கட்டில் பக்கத்தில் நின்றான். அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எடுத்துவைத்த பையைப் பார்த்தான்.

"சார், பெரியம்மாவை நல்லாப் பாத்துக்கணும் சார்" என்றான்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு வலிக்கும். வலியோடு சிரித்தாள்.

மார்ச் 22, புதன்

பொழுது விடிந்தவுடன் இளநீர் வந்தது, தவசிலிங்கமே கொண்டுவந்தான். பிறகு ஒருத்தர் காற்றுப் படுக்கை கொண்டுவந்தார். ஒருத்தர் மின்விசிறி. அக்கா இந்தத் தெருவில் எத்தனையோ வருஷமாக இருக்கிறாள். இருபத்து நாலு வயதில் தாலியறுத்து வந்தவள். என் மனைவி போன பிறகு எனக்குச் சமைத்துப்போட்டது அவள்தான். இதுவரை அவளைப் பார்க்க என்று இந்த வீட்டுக்கு இத்தனை பேர் வந்ததில்லை.

ஒருத்தர் என்னைக் கேட்காமலே வாசல் நிலையில் மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்.

"என்ன பழம்டா அது?" என்றாள் அக்கா.

"எலுமிச்சை. எமன் உள்ள வராம இருக்க."

"நல்லா மஞ்சளா இருக்கே. வீணாக்காத. சர்க்கரை போட்டுக் கொண்டா."

பிழிந்து கொடுத்தேன். நேற்றிலிருந்து அவள் ருசித்துக் குடித்தது அது ஒன்றுதான்.

மார்ச் 23, வியாழன்

போதுமணி வந்தாள். மகள் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டதாம். இந்த வருஷம் தலைப்பாரி, அதாவது வரிசையில் முதல் சட்டி, அவளுடையது. ஒருவேளைச் சாப்பாடு, பாய் கிடையாது, செருப்பு கிடையாது. கால் வெடித்திருந்தது.

அக்கா அவளிடம் பயிர் எப்படி வந்திருக்கிறது என்று விசாரித்தாள். சின்னப்பெண் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு வருஷம் அக்கா முளைப்பாரி தூக்கியிருக்கிறாள். அப்புறம் அவளைக் கூப்பிட யாருக்கும் வழியில்லை. முளைப்பாரி வீட்டு வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. கும்மிப் பாட்டு மட்டும் எல்லாம் தெரியும். சமையலறைக்குள் பாடுவாள்.

போதுமணி போன பிறகு, "கதிரு, எனக்கும் கொஞ்சம் விதை போட்டுக் குடேன்" என்றாள்.

"நோயாளி வீட்டுல ஆகாதுன்னு சொல்லுவாங்களேக்கா."

"அவங்க சட்டியா கேட்டேன்? ஹார்லிக்ஸ் டப்பாவுல போடு."

பழைய டப்பா ஒன்றின் மூடியை வெட்டி எடுத்து, மண் நிரப்பி, ஊறவைத்த பாசிப்பயறு ஒரு கை தூவினேன். வைக்க வேறு இடமில்லை. கட்டில் பக்கத்து ஜன்னலிலேயே வைத்தேன்.

மார்ச் 24, வெள்ளி

மதிய மாத்திரை கொடுக்கத் தாமதமாகிவிட்டது. தவசிலிங்கத்தோடு வந்த கம்பவுண்டர் ஒருவர், அந்த மாத்திரை மூச்சைக் குறைத்துவிடும், முடிந்தவரை தள்ளிப்போடுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. அக்காவுக்கு வலி அதிகம். மாலையில்தான் தணிந்தது.

ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்களாம். போக முடியவில்லை.

மார்ச் 25, சனி

அதே கம்பவுண்டர் இன்று ஸ்டாண்டும் குளுக்கோஸ் பாட்டிலுமாக வந்தார். பின்னால் தவசிலிங்கம்.

"எதுக்குப்பா இது?"

"தெம்புக்கு சார்."

"யாருக்குத் தெம்பு?"

அவன் ஸ்டாண்டை நேராக நிறுத்தினான்.

வகுப்பில் சொல்வதுபோல அவனுக்குச் சொன்னேன். வாடுகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிரும். வேரே அழுகிவிட்ட செடிக்கு ஊற்றினால் தொட்டியில்தான் தண்ணீர் தேங்கும். அக்கா உடம்பு இப்போது தண்ணீரை வாங்காது. ஊசியில் ஏற்றினால் காலில் தேங்கும், நெஞ்சில் தேங்கும், மூச்சு முட்டும். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் இழுத்துப் பிடிச்சாப் போதும் சார்."

"தவசி, அது கயிறு இல்லப்பா. உங்க பெரியம்மா."

தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டாண்டை எடுத்துப் போகச் சொன்னான். கம்பவுண்டர் போய்விட்டார், இவன் போகவில்லை. மதியம் முழுக்கக் கட்டில் அருகே உட்கார்ந்து ஈ ஓட்டினான். கடைக்கு யார் போயிருக்கிறார்கள் என்று கேட்டேன், பூட்டிவிட்டு வந்தேன் என்றான்.

அக்கா கண்ணைத் திறந்து அவனைக் கேட்டாள். "தவசி, நான் சாகக் கூடாதுன்னு அம்மன்கிட்ட வேண்டுறியாமே?"

"ஆமா பெரியம்மா."

"திருவிழாவுக்காகவா, எனக்காகவா?"

யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "மொதல்ல திருவிழாவுக்குத்தான் பெரியம்மா. இப்பத் தெரியல."

"நல்ல பய" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அக்கா சாமி கும்பிட்டு நான் பார்த்தது குறைவு. வீட்டில் படம் உண்டு, விளக்கும் உண்டு. ஆனால் சாயங்காலம் கொல்லைப்படியில், துவைக்கிற கல்லைப் பார்த்து, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை கேட்டேன். "என்னக்கா பண்ற?" "சும்மா உக்காந்திருக்கேன். அவளும் சும்மா உக்காந்திருக்கா." எதுவும் கேட்கமாட்டியா என்றேன். "எதுக்கு? அவளுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். வந்து உக்காந்தாளே, அதுவே போதாதா?" என்றாள். இதற்குமேல் அவள் சாமியைப் பற்றிப் பேசியதில்லை.

பள்ளிக்கூடத்து மணியை நினைத்துக்கொள்கிறேன். மணி அடித்தால்தான் வகுப்பு ஆரம்பிக்கும், மணி வேண்டும்தான். ஆனால் முப்பத்து மூன்று வருஷத்தில், மணிச்சத்தத்தினால் ஒரு பிள்ளைக்குப் பாடம் புரிந்து நான் பார்த்ததில்லை. புரியும்போது முகத்தில் வேறு ஒன்று நடக்கும். அதற்குச் சத்தம் கிடையாது.

மார்ச் 26, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நான் எழுதியது சரியல்ல. மாத்திரை தாமதமானது பேச்சினால் அல்ல. மாத்திரை என் சட்டைப்பையில்தான் இருந்தது. கம்பவுண்டர் போன பிறகும் நான் கொடுக்கவில்லை. மாடசாமியின் மகனை நினைத்தேன். கொட்டிய பயிரை நினைத்தேன். வெடித்த காலோடு நின்ற போதுமணியை நினைத்தேன். நானும் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்பதையும் நினைத்தேன். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முனகினாள். நான் சமையலறையில் போய் நின்றேன்.

அவள் அன்றே ஒன்று சொன்னாள். அதையும் எழுதாமல் விட்டேன். மாத்திரையை வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்தபோது, என் கண்ணைப் பார்த்து, "நீயும் கமிட்டியில சேந்துட்டியாடா?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

இன்று எல்லா வேளையும் நேரத்துக்குக் கொடுத்தேன். இனி தவறாது.

மார்ச் 27, திங்கள்

ஜன்னல் டப்பாவில் பயிர் விரல்நீளம் வந்திருக்கிறது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கஞ்சி இறங்கவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

இன்று கோயிலில் பொங்கல். தெரு முழுக்கப் புகை. அக்கா அதிகம் தூங்குகிறாள். உதட்டைப் பஞ்சால் நனைக்கிறேன். பாதம் வீங்கியிருக்கிறது.

போதுமணி பொங்கல் கொண்டுவந்தாள். தீட்டு, துடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த தெருதான் இது. இந்த நாட்களில் அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து வந்து அது யாருக்கும் பெரிதாகத் தெரியாமல் போய்விட்டது. முதலில் அவளும் கமிட்டிக்குச் செய்தி சொல்லத்தான் வந்திருப்பாள். இப்போது அக்காவின் தலையை வாருகிறாள், நகம் வெட்டுகிறாள். நகத்தை வெள்ளிக்கிழமையில் வெட்டக் கூடாது, செவ்வாயில் வெட்டக் கூடாது என்பார்கள். இன்று செவ்வாய். அவள் வெட்டினாள்.

டப்பாவைப் பார்த்து, "என்ன அத்தை, இது பச்சப்பசேல்னு இருக்கு! எங்களது பூராம் வெளிறி, மஞ்சளா, நெடுநெடுன்னு நிக்குது" என்றாள்.

நான் விளக்கினேன். இருட்டில் முளைத்த பயிர் வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடித்தேடி நீளும். அதனால்தான் உயரம், அதனால்தான் மஞ்சள். வெளிச்சத்தில் இருப்பதற்குத் தேட வேண்டிய அவசியம் இல்லை, குட்டையாக நின்று பச்சை பிடிக்கும். உயரத்தைப் பார்த்து ஊருக்கு மழை உண்டு என்று நாம் கணக்குப் போடுகிறோம்.

போதுமணி என்னையே பார்த்தாள். "இதைத்தான சார் எட்டாம் வகுப்புல கேட்டேன்?"

"ஆமாம்மா. மணி அடிச்சிருச்சு."

"பாதிதான் சொல்லியிருக்கீங்க. அம்மனுக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு சொல்லல."

அக்கா கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அவன் வாத்தியாரு. அவனுக்கு எப்படித் தெரியும்?"

மார்ச் 29, புதன்

இன்று முளைப்பாரி. அக்கா தூங்குகிறாள். மேளம் நன்றாகக் கேட்கிறது.

மார்ச் 30, வியாழன்

நேற்று எழுதியதும் பொய். டைரிக்கே பொய் சொன்னேன். யாராவது வந்து புரட்டிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

நேற்றுக் காலை பால்காரர் வந்து போன சமயம் அக்கா போய்விட்டாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு வந்தது. அடுத்தது வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வலியில்லாமல் போனாள். அது உறுதி. கை என் கையில்தான் இருந்தது.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். வெயில் டப்பாவின்மேல் விழுந்துகொண்டிருந்தது. சாத்தாமல் விட்டேன்.

தவசிலிங்கம் வழக்கம்போல இளநீரோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சார், இன்னைக்கு ஒருநா…" என்று ஆரம்பித்தவன் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டான். இளநீரைக் கீழே வைத்தான். அருகில் வந்து அக்கா நெற்றியில் கையை வைத்தான். கையை எடுக்கவில்லை. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருந்தது.

"தவசி" என்றேன். நடையைச் சாத்துவதா, கொட்டுவதா, அவன்தான் சொல்ல வேண்டும்.

"பெரியம்மா தூங்குறாங்க சார்" என்றான். நெற்றியிலிருந்து கையை எடுத்து மறுபடி சொன்னான். "நல்லாத் தூங்குறாங்க. சாயங்காலம் வரைக்கும் யாரும் எழுப்ப வேணாம்."

"தப்பில்லையாப்பா?"

"தப்புத்தான் சார். என் கணக்குல எழுதிக்கிறட்டும்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். திருவிழாவுக்காகச் செய்தானா, அக்காவுக்காகச் செய்தானா? சனிக்கிழமை அவனுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

நாள் முழுக்க நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விசிறி ஓடியது. வந்தவர்கள் வாசலிலிருந்தே, "எப்படி இருக்காங்க?" என்றார்கள். "வலி இல்ல" என்று சொன்னேன். அது மட்டும் பொய்யில்லை.

மாலையில் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தது. தலையில் சட்டிகளோடு வரிசையாகப் பெண்கள். ஒவ்வொரு முச்சந்தியிலும் சட்டிகளை இறக்கி நடுவில் வைத்துச் சுற்றிவந்து கும்மி கொட்டுவார்கள். எங்கள் வீடு முச்சந்தி இல்லை. போதுமணி எங்கள் வாசலில் சட்டியை இறக்கினாள். முதல் சட்டி இறங்கினால் மற்றவர்களும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

கும்மி ஆரம்பித்தது. அக்கா சமையலறைக்குள் பாடுகிற அதே பாட்டு. நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

போதுமணி உள்ளே வந்தாள். வேர்வையும் மஞ்சளும் வழிந்த முகம். கட்டிலருகே குனிந்து அக்காவின் பாதத்தைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது. வெளியே கைகள் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"சார், இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"அம்மா… தீட்டு இருக்கேம்மா" என்றேன். நான்தான் சொன்னேன். பாடம் நடத்தின வாய்.

"வெளிச்சத்துல வளந்தது சார்" என்றாள் போதுமணி. "அம்மனுக்குப் பிடிக்குதா இல்லையான்னு கேட்டுப் பாத்துருவோம். அன்னையில இருந்து எனக்குத் தெரியணும்."

டப்பாவைத் துடைத்து, எடுத்துக்கொண்டு போய்த் தன் சட்டியின் நடுவில் பயிரை விலக்கி வைத்தாள். மஞ்சளுக்கு நடுவில் ஒரு பச்சை. குலவை போட்டுச் சட்டிகளைத் தூக்கினார்கள். ஊர்வலம் கண்மாய்க்குப் போனது.

கரையில் பெண்கள் கேட்டார்களாம். "ஏண்டி, உன் பயிர்ல நடுவுல மட்டும் பச்சையா இருக்கு?" "அது அத்தையோடது" என்று இவள் சொன்னாளாம். ஒருத்தி முகம் சுளித்தாளாம். இன்னொருத்தி, "வெள்ளைத்தாய் அத்தையா? அவுக போட்டதா?" என்று பயிரைத் தொட்டுப் பார்த்தாளாம். எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் தண்ணீரில் விட்டார்கள். டப்பாவை மட்டும் போதுமணி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

காப்பு அவிழ்த்தவுடன், திருவிழாவுக்குக் கட்டிய அதே மைக்கில், வெள்ளைத்தாய் அம்மாள் சற்றுமுன் இயற்கை எய்தினார் என்று தவசிலிங்கம் அறிவித்தான். 'சற்றுமுன்' என்று சொல்லும்போது கொஞ்சம் தடுமாறினான்.

இன்று காலை எடுத்தோம். ஊரே வந்தது. பாடையின் முன்கொம்பைத் தவசிலிங்கம் பிடித்தான்.

ஏப்ரல் 1, சனி

தலைவலி. போதுமணி ரசம் கொடுத்துவிட்டாள். கட்டிலை மடக்கி வைத்தேன். மீதி மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தவசிலிங்கம் வந்து உட்கார்ந்திருந்தான். "அம்மன் கோவிச்சுக்கிட்டா என்ன சார் பண்ணுறது?" என்றான். ஒருவாரமாகத் தூங்காத முகம். அவனுக்கு எந்த உதாரணமும் சொல்லத் தோன்றவில்லை. கொல்லைப்படிக்குக் கூட்டிப்போனேன். இருவரும் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து, "காத்து நல்லா வருது சார்" என்றான். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஏப்ரல் 4, செவ்வாய்

இன்று மாலை நான் மட்டும் படியில் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முதுகுவலிதான் இருந்தது. நாளையும் உட்கார்வேன்.

டப்பாவில் புது மண் நிரப்பியிருக்கிறேன். இந்த டைரியை எனக்குப் பிறகு யாராவது எடுத்துப் படித்தால், வாத்தியார் பழக்கம், ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு முடிக்கிறேன். ஒரு பழைய டப்பாவில் மண் போட்டு, ஒரு கை பாசிப்பயறு தூவி, வெயில் விழுகிற ஜன்னலில் வையுங்கள். தினமும் தண்ணீர் தெளிக்கும்போது எதையும் வேண்டிக்கொள்ளாதீர்கள், பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள்.